பானைக்காரி சுற்றிப் பார்க்கப் போன கதை

கடலை ஒட்டிய வலைமங்கலம் என்கிற ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு யானை உயரத்துக்கு எழும்பி நிற்கிற ஒற்றைப் பாறையில், தலையில் மூன்று பானைகளை அடுக்கிக்கொண்டு ஆயிரத்து முந்நூறு வருஷமாக நின்றிருந்த கல் பெண் ஒருத்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, எதிரே மாங்காய் கீறிக்கொண்டிருந்த பவுனாம்பாளைப் பார்த்து, "தங்கச்சி, இதைக் கொஞ்சம் புடி" என்று சொன்னபோது, பவுனாம்பாள் கத்தியை முந்தானையில் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் பிடித்தாள். தலைச்சுமையை இறக்க யாராவது கை கேட்டால் கொடுப்பதுதான் அவளுக்குப் பழக்கம். கேட்டது கல்லா ஆளா என்று யோசிப்பதற்குள் கை நீண்டுவிட்டது. பானைகள் நினைத்த அளவுக்குக் கனக்கவில்லை. உள்ளே மோர் தளும்பியது. புளித்திருந்தது, அவ்வளவுதான்.

கல் பெண் பாறையிலிருந்து இறங்கிப் புல்தரையில் நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிச் சொடக்கெடுத்தாள். பொரிபொரியாகக் கொஞ்சம் கல் உதிர்ந்தது.

"எங்கக்கா கெளம்பிட்டே?" என்றாள் பவுனாம்பாள்.

"சுத்திப் பாக்க."

"இன்னாத்தை?"

"அதான் தெரியலயே. தெனம் ஆயிரம் பேர் வந்து என் மூஞ்சியப் பாக்கறாங்க. பாத்து முடிக்கறதுக்கு முன்னாடியே 'அடுத்து எங்க, அடுத்து எங்க'ன்னு கேட்டுக்கினு ஓடறாங்க. அந்த அடுத்த எடம் எப்படித்தான் கீதுன்னு ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன்."

மேலுக்குப் போட அவளிடம் எதுவும் இல்லை. பல்லவ ராஜா காலத்தில் அது வழக்கமில்லை. பக்கத்துக் கடையில் கொடியில் தொங்கிய, ஊர்ப்பேரும் மீன் படமும் போட்ட ஊதா நிற டி-ஷர்ட் ஒன்றை உருவித் தலை வழியே மாட்டிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் நடந்துபோய்விட்டாள். பவுனாம்பாள் பானைகளோடு நின்றாள்.

அப்போதுதான் கோலாப்பூர் பஸ் வந்தது. அதை அழைத்து வந்தவன் ஜம்புலிங்கம். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாறை முன்னால் ஐந்து மொழிகளில் கதை சொல்லிப் பிழைக்கிற கைடு. பாறையைப் பார்த்தான், அரசனும் பசுக்களும் இடையர்களும் வரிசையாக நிற்க, நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு இடம் காலியாகக் கிடந்தது. பவுனாம்பாளைப் பார்த்தான், அவள் கையிலிருந்த பானைகளைப் பார்த்தான். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பவுனக்கா, நாப்பத்திரண்டு பேர் எறங்கறாங்க. உன் கால்ல விழறேன். ஏறி நில்லு."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

அவள் பானைகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு ஏறி நின்றாள். முதுகுக்கு அந்தப் பள்ளம் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரிப் பொருந்தியது. உள்ளே பாறை குளுகுளுவென்றிருந்தது. நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் வந்து அவளைப் பார்த்தார்கள், அவளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், கண்ணாடி போட்ட ஒரு வாத்தியாரம்மா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, இப்படியொரு நிம்மதியை இந்தக் காலத்து மனுஷர் முகத்தில் காண முடியுமா என்று மராத்தியில் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த அம்மா சொன்னதில் பொய்யில்லை. பத்தொன்பது வயதில் தணிகாசலத்தைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த ஐம்பதாம் வயதுவரை, பால் எங்கே, சட்டை எங்கே, சாவி எங்கே, குழம்பில் ஏன் உப்பில்லை, மாங்காய் புளிக்குமா, பக்கத்தில் பாத்ரூம் எங்கே, சில்லறை இருக்கா, கொஞ்சம் நகரு, கொஞ்சம் தள்ளு என்று யாராவது ஏதாவது கேட்காத ஐந்து நிமிஷம் அவளுக்கு வாய்த்ததே கிடையாது. பாறையில் நின்ற இருபது நிமிஷமும் அவளை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கோலாப்பூர்க்காரர்கள் போன பிறகும் அவள் இறங்கவில்லை.

மத்தியானம் தணிகாசலம் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சோற்றுக்கு வந்தார். கூடை இருந்தது, கத்தி இருந்தது, பெண்டாட்டியைக் காணோம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடைசியில் நிமிர்ந்தார்.

"இன்னாமே, மேல நின்னுக்கினு கீற?"

"பானைக்காரி வெளியூர் போயிருக்கா. வர்றவரைக்கும் நிக்கிறேன்."

"அப்ப சோறு?"

பவுனாம்பாள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். தணிகாசலம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஓட்டலுக்குப் போனார்.

சாயங்காலத்துக்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வலைமங்கலத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கல்லைப் பார்க்கக் கண்டம் விட்டுக் கண்டம் ஆட்கள் வருவதே அவர்களுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்து பழகிப்போயிருந்ததால், கல் ஆட்களைப் பார்க்கப் போனது நியாயமாகத்தான் பட்டது. அவர்கள் கேட்டதெல்லாம் வேறு: செருப்பு போட்டுக்கொண்டு போனாளா? பஸ்ஸில் வாந்தி எடுப்பாளா? தனியாகப் போன பொம்பளை, பத்திரமாக வருவாளா? ஆளாளுக்கு ஒரு தகவல் கொண்டுவந்தார்கள். கடற்கரையில் குதிரை ஏறினாள், குதிரைக்கு முதுகு வளைந்துவிட்டது. மிளகாய் பஜ்ஜி தின்று சட்னி தண்ணியாக இருக்கிறதென்று சண்டை போட்டாள். அலையில் கால் நனைத்து, இத்தனை வருஷம் இந்தச் சத்தத்தைக் கேட்டும் இது தண்ணீர் என்று தெரியாமல் போச்சே என்று சிரித்தாள். கடைசியாக, கோலாப்பூர்க்காரர்கள் வெளியே காத்திருந்தபோது பஸ்ஸில் ஏறி ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, அடுத்தவருக்குச் சொந்தமாக்கும் என்று நினைத்துப் பூரி கொடுத்தார்கள்.

மறுநாள் பவுனாம்பாள் ஒன்பது மணிக்கே ஏறி நின்றாள். ஆனால் அவள் முகத்தில் இருந்த நிம்மதியைக் கண்ட மற்ற பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சங்குமாலை விற்கிற மல்லேஸ்வரி, கடலன்னை மகளிர் குழுவுக்குத் தலைவி, யாரையும் எதிலும் முந்தவிடாதவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பாறைக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஏம்மா பவுனு, அது உங்க அப்பன் வூட்டுப் பாறையா? எங்களுக்கு முதுகு இல்லயா? எங்களுக்குக் கால் வலிக்காதா?"

குழு கூடியது. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்தார்கள். மாமியாரோடு பேச்சுவார்த்தை முறிந்தவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் முன்னுரிமை. டீக்கடைக்காரர் மகள் பரீட்சைக்குப் படித்த பாடத்தை மனசுக்குள் சொல்லிப் பார்க்க அரை மணி கேட்டாள், கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க வலைமங்கலத்தில் அடுப்பு தாமதமாகத்தான் எரிந்தது. ஆண்கள் பாறைக்கு எதிரே கும்பலாக நின்று, இன்றைக்கு எந்த மணியில் யார் என்று அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஜம்புலிங்கம் மட்டும், சிற்பி அந்தப் பெண்ணின் முகம் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி மாறுமாறு செதுக்கியிருக்கிறான் என்று ஐந்து மொழிகளில் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டான்.

ஏழாம் நாள் சிற்பங்களைச் சரிபார்க்கிற அதிகாரி வந்தார். கையில் நோட்டு, கழுத்தில் பூதக்கண்ணாடி. அரசன் சரி, பசு சரி, இடையன் சரி. அப்போது மல்லேஸ்வரியின் முறை. அதிகாரி அவள் முகத்துக்கு அருகே கண்ணாடியைப் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டு, கூட வந்த உதவியாளரிடம் உரக்கச் சொல்லி எழுத வைத்தார்:

"மூன்று பானைப் பெண். முகத்தில் தேய்மானம் அதிகம். கன்னத்தில் விரிசல். மூக்கு பிற்காலத்தில் ஒட்ட வைத்ததாக இருக்கலாம். உடனே பூச்சு தேவை."

அவர் ஜீப் ஏறிப் போகும்வரை மல்லேஸ்வரி அசையவில்லை. அதற்கப்புறம் இறங்கி நேரே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விஷயம் பரவியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கால் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அரசாங்க நோட்டில் ஏறுகிற தேய்மானத்தை யார் பொறுப்பது? முறை முழுவதும் பவுனாம்பாளுக்கே வந்து சேர்ந்தது. அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தாள், சாயங்காலம் காவலாளி விசில் ஊதினால்தான் போனாள். பிறகு விசில் ஊதியும் கொஞ்ச நேரம் நின்றாள். பன்னிரண்டாம் நாள் விசில் சத்தத்துக்கு இறங்கப் பார்த்தபோது இடது கால் வரவில்லை. சுண்டுவிரலிலிருந்து கணுக்கால்வரை பாறையோடு பாறையாக, அதே நிறத்தில், அதே சொரசொரப்பில் இருந்தது. வலியில்லை. பயந்து பார்க்கலாமா என்று முயன்றாள். பயமும் சரியாக வரவில்லை.

ஊர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தது. தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். மீன்பிடி இயந்திரத்துக்குப் போடுகிற கிரீஸ் தடவினார்கள். குருக்கள் வந்து தீர்த்தம் தெளித்தார். சிலைப் பட்டறை வைத்திருக்கிற வைரக்கண்ணு உளியின் பின்பக்கத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பவுனு எங்க முடியுது, பாறை எங்க தொடங்குதுன்னு சத்தத்துல பிரிக்க முடியல. உளிய வெச்சா எதை வெட்டறேன்னு எனக்கே தெரியாது. வேணாம்."

தணிகாசலம் ஆட்டோவைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பாறைக்குக் கீழே மாங்காய்க் கூடையோடு உட்கார்ந்தார். தடிதடியாகக் கீறினார், மிளகாய்ப்பொடியை அள்ளி அப்பினார், வாங்கித் தின்ற தெலுங்குக்காரர்கள் மட்டும் பாராட்டினார்கள். மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தானே குழம்பு வைத்துக் கொண்டுவந்து, ஏணி மேல் ஏறி நின்று அவளுக்கு ஊட்டினார். முதல் நாள் உப்பு அதிகம், இரண்டாம் நாள் உப்பே இல்லை, மூன்றாம் நாள் வாயில் வைக்கும்படி இருந்தது. அன்றைக்கு முழங்கால்வரை சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

"எறங்கி வந்துரு மே," என்றார் ஏணியில் நின்றபடி. "வூட்டுல பேச்சுத் தொணைக்கு ஆளில்ல."

"நான் பேசனப்ப நீ பதில் சொல்லுவியாய்யா?"

தணிகாசலம் யோசித்தார். முப்பத்தொரு வருஷத்தையும் ஒரு சுற்று நினைத்துப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

"உன் மேல கோவம் இல்ல. எனக்கு இங்க நல்லா கீது. அவ்ளோதான்."

அவர் ஏணியிலிருந்து இறங்கி, யாரும் பார்க்காதபடி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அடுத்த மாங்காயை எடுத்துக் கீற ஆரம்பித்தார். அன்றைக்கு வெட்டினதெல்லாம் மெல்லிசாக இருந்தது. பவுனாம்பாள் மேலேயிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் கல்லுக்குப் பேச்சு எழும்ப நேரம் பிடிக்கிறது. எழும்புவதற்குள் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பதினேழாம் நாள் வியாழக்கிழமை மத்தியானம், டவுன் பஸ்ஸிலிருந்து பானைக்காரி இறங்கினாள். ஊதா டி-ஷர்ட் வெளுத்திருந்தது. தலையில் வெயில் தொப்பி, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பைகள், ஒன்றில் அல்வாவும் முறுக்கும், இன்னொன்றில் ஊர் ஊராக வாங்கிய சாமி படங்கள். மூக்கு நுனி வெயிலில் உரிந்து உள்ளே புதுக் கல் பளபளத்தது. சேதி கேட்டு ஊரே ஓடிவந்தது. கதவைச் சாத்திக்கொண்ட மல்லேஸ்வரிகூடத் திறந்துகொண்டு வந்தாள்.

"எறங்கு தங்கச்சி. என் எடம்."

"முடியலக்கா."

"முடியலயா, மனசில்லயா?"

"ரெண்டுந்தான்," என்றாள் பவுனாம்பாள். இடுப்புக்குக் கீழே புடவை மடிப்புகள் செதுக்கினவை போலாகியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

பானைக்காரி அவள் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, இது ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல் புல்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தணிகாசலத்திடம் ஒரு மாங்காய்க் கீற்று வாங்கிக் கடித்தாள். ஜம்புலிங்கத்தின் அப்பனுக்கு அப்பனுக்கும் முன்னால் கதை சொன்னவர்களையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் அவள். ஆளை எப்படி இழுப்பது என்று அவளுக்கா தெரியாது?

"ராமேஸ்வரம் போனேன்," என்று கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்தாள். "பாலத்து மேல ரயில் வந்தா, கீழ மீனுங்கள்லாம் வரிசையா நின்னு வழி விடுது. கொடைக்கானல் போனேன். மேகத்தை ரெண்டு கையாலயும் அள்ளி மூஞ்சி கழுவினேன், சோப்பே வேணாம். கன்னியாகுமரியில சூரியன் கடலுக்குள்ள எறங்கறப்ப சொய்ங்குனு ஒரு சத்தம், தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்பல."

"மெய்யாலுமா?" என்றாள் மல்லேஸ்வரி.

"அதெல்லாம் வுடு. தாராசுரத்துலதான் நான் அசந்து போயி நின்னுட்டேன். கும்பகோணத்துப் பக்கம். கோயில் பூரா பெருவிரல் உசரத்துக்குக் குட்டிக் குட்டியா ஆளுங்க. அதுல ஒருத்தி, தலையில கூடை. கூடையில கீறின மாங்கா. ஒத்தை மூக்குத்தி. மேலுதட்டுல மச்சம்." இன்னொரு கீற்றைக் கடித்தாள். "அப்படியே நம்ம பவுனு."

கூட்டம் மேலே பார்த்தது.

"பொய்யி," என்றாள் பவுனாம்பாள்.

"சரி, பொய்யி."

"மாங்காயக் கீறி வெச்சிருந்தாளா? அந்தக் காலத்துலயா?"

"கீறி, நடுவுல மொளகாப்பொடி வெக்க எடம் விட்டு."

"எந்தப் பக்கம் மச்சம்?"

"மறந்துட்டேன்."

"எங்க இருந்தா? தூண்லயா, சுவத்துலயா?"

"தூணுன்னு நெனைக்கிறேன். இல்ல, படிக்குப் பக்கமோ? பக்கத்துல ஏதோ ஆனை இருந்துச்சு."

"ஒழுங்காப் பாக்காம இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போனே? கூடைய எந்தக் கையால புடிச்சிருந்தா? ஒரு கையா, ரெண்டு கையா? அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு, சிரிச்சிக்கினா, உம்முன்னா?"

"மாங்கா இன்னும் ஒண்ணு குடு," என்றாள் பானைக்காரி தணிகாசலத்திடம்.

தணிகாசலம் கொடுக்கவில்லை. அவர் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். ஏனென்றால், பானைக்காரியின் முகத்துக்கு நேரே குனிந்து, தொப்பியைப் பிடித்து நிமிர்த்தி, "சொல்லுக்கா, சிரிச்சிக்கினா உம்முன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பவுனாம்பாள், புல்தரையில் நின்றிருந்தாள். எப்போது காலை உருவினாள், எப்போது இறங்கினாள் என்று அவளே பார்க்கவில்லை. இடது காலின் மெட்டி மட்டும் பாறையிலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. அதற்கும் ஜம்புலிங்கம் அடுத்த வாரமே ஒரு ராணியின் கதையைக் கட்டிவிட்டான்.

பானைக்காரி டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, மூன்று பானைகளையும் ஏற்றிக்கொண்டு தன் இடத்தில் நின்றாள். தொப்பியைக் கழற்றச் சொல்லி எல்லோரும் கெஞ்சியபிறகு அதையும் கழற்றினாள்.

மறுநாள் விடிந்ததும் பவுனாம்பாள் ஒரு பையில் மாற்றுப் புடவையும், தண்ணீர் பாட்டிலும், வழியில் தின்ன நாலு மாங்காயும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தணிகாசலம் ஆட்டோவில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டார்.

"நானும் வரட்டா?"

"கூடைய யார் பாக்கறது?"

"போயிட்டு போன் பண்ணு. நான் பதில் சொல்றேன்," என்றார் அவர். அதைச் சொன்ன அவசரத்தில் ஆட்டோ கியரை மாற்றிப் போட்டு, முன்னால் நின்ற டீக்கடை பெஞ்சில் மெல்ல முட்டினார்.

பாண்டிச்சேரி, சிதம்பரம், கும்பகோணம் என்று பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து, உறவுக்காரி வீட்டில் தங்கி, அடுத்த நாள் நடை திறந்ததும் பவுனாம்பாள் தாராசுரத்துக் கோயிலுக்குள் நுழைந்தாள். மற்றவர்கள் வந்தார்கள், நாலு படம் எடுத்தார்கள், அடுத்து எங்கே என்று போனார்கள். அவள் போகவில்லை. ஒவ்வொரு தூணாக, தூணின் ஒவ்வொரு பக்கமாக, பக்கத்தின் ஒவ்வொரு கட்டமாக, மூக்கு கல்லில் உரசக் குனிந்து தேடினாள். அரிசி அளவு நகங்களோடு ஆடுகிறவர்களைப் பார்த்தாள். பிள்ளை பெறுகிறவளையும், அவளைத் தாங்கிப் பிடிக்கிற இரண்டு தோழிகளையும் பார்த்தாள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, கையால் ஒன்றை மூடி ஒன்றைப் பார்த்து, மறுபடி மாற்றி மூடிப் பார்த்து, பக்கத்தில் யாருமில்லாவிட்டாலும் வாய்விட்டுச் சிரித்தாள். யானை இருக்கிறதே, அப்படியானால் அவளும் பக்கத்தில்தான் இருப்பாள் என்று மறுபடியும் முதல் தூணிலிருந்து ஆரம்பித்தாள். காவலாளி இரண்டு முறை வந்து எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். "என்னைத்தான்" என்றாள். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்குத் தேடாத கல் ஒன்றுகூட மிச்சமில்லை. மாங்காய்க் கூடைக்காரி எங்கேயும் இல்லை.

வெளியே புல்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கொண்டுவந்ததில் மிச்சமிருந்த ஒரு மாங்காயைத் தின்றுவிட்டு, வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அந்தப் பொம்பள பொய் சொல்லிட்டாய்யா. ஒவ்வொரு தூணும் தேடிட்டேன். நான் இங்க இல்லவே இல்ல."

"அய்யோ. நான் அப்பவே நெனச்சேன். சரி, விடு. அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துரு. குழம்பு வெச்சிருக்கேன்."

பவுனாம்பாள் எதிரே பார்த்தாள். திருச்சி வழியாக ராமேஸ்வரம் என்று பலகை வைத்த பஸ் ஒன்று ரோட்டோரம் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வந்துர்றேன்," என்றாள். "மீனுங்க வழி விடுதுன்னாளே, அது ஒண்ணு பாக்கி. அப்புறம் அந்த மேகம், அந்தச் சூரியன். அதுங்களும் பொய்யான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்."